எண்ணெய் மின்சாரம்: விலையைப் பார்ப்பதா, வேளையைப் பார்ப்பதா?

வடசென்னையை மின்ரயிலில் கடந்து செல்லும் மாணவனுக்கு எரிபொருள் பற்றிய பாடம் சன்னலுக்கு வெளியிலேயே நடக்கிறது. ராயபுரத்தில் துறைமுகத்தின் பளுதூக்கிகள். தண்டையார்பேட்டையில் வெள்ளை நிறத்து எண்ணெய்க் கிடங்குகள். திருவொற்றியூருக்கு மேற்கே, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் இரவும் பகலும் எரியும் சுடர். எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள். கப்பலில் வந்து இறங்கும் எரிபொருள் மின்சாரமாகிக் கம்பியேறிப் போகும் பாதை முழுவதும் சில மைல் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தப் பாதையில் பேசின் பிரிட்ஜ் என்ற இடத்தைப் பலரும் ஒரே காரணத்துக்காக அறிவார்கள். சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் சிக்னலுக்காகக் காத்துக் கிடக்கும் இடம் அது! ஆனால் மின்சார வரலாற்றில் பேசின் பிரிட்ஜுக்குத் தனி இடம் உண்டு. சென்னை நகருக்கு முதன்முதலில் மின்சாரம் வழங்கிய மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்னும் ஆங்கிலேயக் கம்பெனியின் நிலக்கரி மின் நிலையம் இங்கேதான் இருந்தது. 1947-இல் அரசு அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. பழைய நிலையம் வயதாகி ஓய்ந்த பிறகு, 1996-இல் மின்வாரியம் இங்கே நாப்தாவை எரிக்கும் நான்கு வாயுச் சுழலிகளை நிறுவியது. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். 1999-இல் இதன் அருகே தனியார் நிறுவனமான ஜி.எம்.ஆர். வாசவி 196 மெகாவாட் டீசல் மின் நிலையம் ஒன்றை இயக்கத் தொடங்கியது.

நாப்தாவும் எண்ணெய்க் குடும்பம்தான். டீசல் எஞ்சினில் எரிந்த கனத்த எண்ணெயும் எண்ணெய்க் குடும்பம்தான். ஆக, பேசின் பிரிட்ஜ் எண்ணெய் மின்சாரத்தின் தமிழ்நாட்டுத் தலைநகராகச் சில காலம் விளங்கியது எனலாம். அந்த நிலையங்களைப் பற்றி அன்றும் இன்றும் இரண்டு அபிப்பிராயங்கள் கேட்கிறோம். எண்ணெயை எரித்து மின்சாரம் எடுப்பது பணத்தையே எரிப்பதாகும் என்பது ஒன்று. மின்வெட்டைவிட விலை கூடிய மின்சாரம் மேலல்லவா என்பது மற்றொன்று. இரண்டு தரப்பாரும் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை வைத்தே வாதாடுகிறார்கள். அந்த யூனிட் எந்த நேரத்தில் கிடைத்தது என்பதை இருவருமே கேட்பதில்லை. நான் இக்கட்டுரையில் சொல்ல வருவது இதைத்தான்: எண்ணெய் மின் நிலையம் அவசரத்துக்கு வரும் ஆள்; அந்த ஆளை அன்றாட வேலைக்கு அமர்த்தியதுதான் தவறு. ஆளே வேண்டாம் என்று அனுப்பிவிடுவதும் தவறுதான்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு?

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி வெப்பத்துக்குச் சமம். பெரிய டீசல் எஞ்சின் ஒன்று எண்ணெயின் வெப்பத்தில் 45 சதவீதத்தை மின்சாரமாக மாற்றுவதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,900 கிலோ கலோரி வேண்டும். கனத்த எரி எண்ணெய் ஒரு கிலோவில் சுமார் 10,000 கிலோ கலோரி இருக்கிறது. எனவே ஒரு யூனிட்டுக்கு 190 கிராம் எண்ணெய்; மற்ற சில்லறை இழப்புகளையும் சேர்த்து 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிலக்கரிக்கும் இதே கணக்கைச் செய்யுங்கள். நீராவி நிலையத்தின் திறன் 35 சதவீதம் என்றும், இந்திய நிலக்கரி ஒரு கிலோவுக்கு 3,600 கிலோ கலோரி என்றும் கொண்டால் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 700 கிராம் வருகிறது. எடையில் எண்ணெய் எவ்வளவு சிக்கனம், பாருங்கள்! ஆனால் கடைக்காரர் எடையை மட்டும் பார்த்துப் பணம் வாங்குவதில்லையே. எண்ணெய் கிலோ 45 ரூபாய், நிலக்கரி கிலோ 5 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், எரிபொருள் செலவு மட்டுமே எண்ணெயில் 9 ரூபாய், நிலக்கரியில் மூன்றரை ரூபாய். நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் ஓடவேண்டிய நிலையத்துக்கு இந்த வித்தியாசம் தாங்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. 196 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஒரு நாள் ஓடினால் 47 லட்சம் யூனிட் கிடைக்கும். 940 டன் எண்ணெய் கரையும். 12 டன் கொள்ளும் லாரிகளில் ஏற்றினால் 78 லாரி! சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் இத்தகைய நிலையத்தை வைப்பதன் காரணம் இதிலிருந்தே விளங்கும். மணலி ஆலை 1969-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தொடங்கியது. இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில் அதன் திறன் 105 லட்சம் டன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கையில் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவை மேலே பிரிந்து போக, கோபுரத்தின் அடியில் தடித்த கரிய எண்ணெய் தங்கிவிடும். கந்தகம் குறைந்த வகைக் கனத்த எண்ணெய் சாதாரண வெப்பநிலையில் மெழுகைப்போல் உறைந்துகூடப் போகும். சூடாக்கித்தான் குழாயில் ஓட்டவேண்டும். காருக்கும் உதவாது, சமையலுக்கும் உதவாது. கப்பலில் எரிக்கலாம், உலையில் எரிக்கலாம், அல்லது மின் நிலையத்தில் எரிக்கலாம்.

பேசின் பிரிட்ஜ் டீசல் நிலையத்தில் இந்த எண்ணெயை எரித்தவை, பெரிய சரக்குக் கப்பல்களை ஓட்டுகிற அதே வகையைச் சேர்ந்த இரட்டை வீச்சு எஞ்சின்கள் நான்கு. ஒரு சிலிண்டரின் விட்டம் 90 சென்டிமீட்டர். உள்ளே ஒரு சிறுவன் உட்கார்ந்து கொள்ளலாம். இவை மிக நிதானமானவை. நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுத்தான். அனல் மின் நிலையத்துச் சுழலியோ நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழல்கிறது. இரண்டும் ஒரே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை எப்படித் தருகின்றன? மின்னாக்கியின் காந்தத் துருவங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது சூட்சுமம். 3,000 சுற்றுக்கு 2 துருவங்கள் போதும். 100 சுற்றுக்கு 60 துருவங்கள் வேண்டும். சுற்றையும் துருவத்தையும் பெருக்கி 120-ஆல் வகுத்தால் இரண்டிலும் 50 வருகிறதா என்று சரிபார்த்துக் கொள்ளுங்கள். எஞ்சின்களைக் குளிர்விக்கும் தண்ணீருக்கு நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தினார்கள் என்பதையும் பாராட்டாகச் சொல்லத்தான் வேண்டும். குடிநீருக்குத் தவித்த சென்னையில் அது சிறிய காரியமன்று.

மலிவு காலத்தில் போட்ட கணக்கு

இவ்வளவு விலை கொடுத்து எரிக்க ஏன் துணிந்தார்கள்? 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தபோது பீப்பாய் விலை சில மாதங்களில் நான்கு மடங்காகியது. அப்போது ஜப்பான் தன் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் எண்ணெயிலிருந்து பெற்று வந்தது. அந்த அடியை வாங்கிய பிறகு உலக நாடுகள் பலவும் நிலக்கரி, அணு, இயற்கை வாயு என்று திரும்பிவிட்டன. நம் நாடும் நிலக்கரியையே நம்பியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 1975 வரை ஐந்து பிரிவுகளாக எழுந்து 450 மெகாவாட் நிலக்கரி மின்சாரம் தந்தது. (2017 மார்ச்சில் அது மூடப்பட்டது.)

1990-களில் நிலைமை மாறியது. மின் தேவை ஏறிக்கொண்டே போக, உற்பத்தி பின்தங்கியது. நிலக்கரி நிலையம் கட்ட நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். எஞ்சின் நிலையத்தை அதில் பாதிக் காலத்தில் நிறுத்திவிடலாம். தனியார் மின் உற்பத்திக்கு 1991-இல் கதவு திறந்தது. எண்ணெயும் அப்போது மலிவு. 1999 தொடக்கத்தில் கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 12 டாலருக்கே விற்றது. பேசின் பிரிட்ஜ் டீசல் நிலையம் அதே வேளையில்தான் ஓடத் தொடங்கியது. 2001-இல் மதுரை அருகே சமயநல்லூரிலும், கிருஷ்ணகிரிப் பக்கம் சாமல்பட்டியிலும் ஏறத்தாழ 106 மெகாவாட் கொண்ட எண்ணெய் நிலையங்கள் வந்தன. கேரளத்தில் பிரம்மபுரத்திலும் கோழிக்கோட்டிலும் இதே காலத்தில் டீசல் நிலையங்கள் எழுந்தன.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 12 எங்கே, 147 எங்கே!

ஒப்பந்தத்தின் அமைப்பையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். மின் நிலையத்துக்கு இரண்டு வகைக் கட்டணம் உண்டு. ஓடினால் எரிபொருளுக்கான கட்டணம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாராக நிற்பதற்கான நிலைக்கட்டணம். வாடகைக் காரை வாசலில் நிறுத்தி வைத்தால் காத்திருப்புக்குப் பணம் கேட்பார்களே, அதைப் போன்றது. எண்ணெய் விலை ஏறியதும் வாங்கி எரித்தால் நஷ்டம், எரிக்காவிட்டால் காத்திருப்புப் பணம் வீண் என்று மின்வாரியம் இரண்டு பக்கமும் இடிபட்டது. பேசின் பிரிட்ஜ் டீசல் நிலையத்தின் 15 ஆண்டு ஒப்பந்தம் 2014-இல் முடிந்தது. அதன் பின் அந்த எஞ்சின்கள் ஓய்ந்துபோயின.

இதைக் கண்டு "காத்திருப்புக்குப் பணம் கொடுத்ததே ஏமாற்றம்" என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. தீயணைப்பு வண்டி நாள்தோறும் ஓடுவதில்லை. அதன் ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்காமல் இருக்கிறோமா? தவறு வேறிடத்தில் இருக்கிறது. நாள்தோறும் தண்ணீர் சுமக்கத் தீயணைப்பு வண்டியை வாடகைக்குப் பிடித்தோம். அன்றாடப் பற்றாக்குறையை நிரப்புவதற்கென்று எண்ணெய் நிலையங்களை அமர்த்திவிட்டு, பிறகு அவற்றின் விலையைக் கண்டு கையை உதறிக்கொண்டோம்.

வேளையின் மதிப்பு

மின்சாரம் அரிசியைப்போல் மூட்டை கட்டி வைக்கும் பண்டமன்று. நீங்கள் விளக்கைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு மின்னாக்கி அதற்கான மின்சாரத்தை உற்பத்தி செய்தாக வேண்டும். தேவை கூடி உற்பத்தி குறைந்தால், சுழலும் மின்னாக்கிகள் எல்லாம் சற்றே வேகம் குறையும். 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் இறங்கும். 1990-களில் தென்னிந்திய மின்கட்டமைப்பில் அது 48.5-க்கும் கீழே போவது வழக்கமாக இருந்தது. மின்விசிறி மந்தமாகச் சுற்றுவதையும் குழல் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருப்பதையும் உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

இத்தகைய நேரத்தில் உதவிக்கு வருவது யார்? குளிர்ந்துபோன நிலக்கரிக் கொதிகலனைச் சூடாக்கி நீராவி எழுப்பி முழுத்திறனுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். வாயுச் சுழலி நிமிடங்களில் வேகம் எடுத்துவிடும். முன்கூட்டிச் சூடாக்கி வைத்த டீசல் எஞ்சினும் ஒரு மணி நேரத்துக்குள் தயார். நகரத்தின் நடுவிலேயே இருப்பதால் நெடுந்தூரக் கம்பிகளின் தயவும் தேவையில்லை. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையப் பகுதியில் ஏற்பட்ட கோளாறினால் சென்னையின் பெரும்பகுதி சில மணி நேரம் இருளில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாட்டில் அன்று மின்சாரம் இல்லாமல் போய்விடவில்லை. வந்து சேரும் வழிதான் அடைபட்டது.

இன்னும் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. மின்சாரம் உற்பத்தி செய்யும் அனல் நிலையம் மின்சாரம் இல்லாமல் இயங்காது! நீரேற்றும் பம்புகள், காற்றூதிகள், நிலக்கரியை மாவாக அரைக்கும் ஆலைகள் என்று தன் உற்பத்தியில் 7 முதல் 10 சதவீதம் வரை அதுவே உண்டுவிடுகிறது. நாடு முழுவதும் இருண்டுவிட்டால் முதல் மின்சாரத்தை அதற்கு யார் கொடுப்பது? 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்கட்டமைப்புகள் மூன்றும் சரிந்து 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. அப்போது தென்னகம் மற்ற பகுதிகளோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே பிணைந்திருந்ததால் தப்பித்தது. (2013 டிசம்பர் 31 முதல் நாம் அனைவரும் ஒரே கட்டமைப்பு.) இப்படி இருண்ட கட்டமைப்பைத் திரும்ப எழுப்ப, பிறர் உதவியின்றித் தானே விழித்தெழும் நிலையங்கள் சில வேண்டும். நீர்மின் நிலையங்களும், சிறு டீசல் எஞ்சினால் கிளப்பப்படும் வாயுச் சுழலிகளும் இதற்கு ஏற்றவை.

நிலக்கரி நிலையத்தின் கொதிகலனுக்குள் எட்டிப் பார்த்தால் அங்கும் எண்ணெய் இருக்கிறது. வீட்டில் விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சோறு பொங்குவது விறகால். ஆனால் ஈர விறகு பற்றிக்கொள்ளக் கொஞ்சம் சீமெண்ணெய் தெளிக்க வேண்டியிருக்கிறது. அதே போல் குளிர்ந்த கொதிகலனில் முதல் தீயை மூட்டவும், உற்பத்தியை மிகக் குறைக்கும்போது தீ அணையாமல் காக்கவும் உலை எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். இந்தச் செலவு யூனிட்டுக்கு அரை மில்லிலிட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது 2014 முதல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அளவுகோல். வல்லூரில் உள்ள 1,500 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஓடினால் அந்த அரை மில்லிலிட்டரே நாளொன்றுக்கு 18,000 லிட்டர் ஆகும்! எனவே எண்ணெய் மின்சாரம் ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அடுப்பின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெருவுக்கு வந்த மின் நிலையம்

2024 மார்ச் இறுதியில் இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறன் சுமார் 4,42,000 மெகாவாட். இதில் டீசல் நிலையங்களின் பங்கு 589 மெகாவாட். அதாவது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. இதைப் படித்துவிட்டு எண்ணெய் மின்சாரம் அற்ப விஷயம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் இந்த எண்ணில் உங்கள் தெருமுனைத் துணிக்கடையின் ஜெனரேட்டர் சேரவில்லை. அடுக்குமாடி வீட்டின் ஜெனரேட்டர், மருத்துவமனை, திருமண மண்டபம், கைபேசிக் கோபுரம் ஆகியவற்றின் ஜெனரேட்டர்கள் எதுவும் சேரவில்லை.

2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் பல. கோவையிலும் திருப்பூரிலும் சிறு பட்டறைகள் டீசல் வாங்கியே திணறின. அப்போது எழுந்த ஜெனரேட்டர் ஓசை நம் ஊர்களை விட்டு இன்னும் முழுவதும் போகவில்லை. சிறிய ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் மூன்று அல்லது மூன்றரை யூனிட்டே தரும். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது யூனிட் 26 முதல் 30 ரூபாய் ஆகிறது. பெரிய நிலையத்தின் 9 ரூபாய் அதிகம் என்று கூச்சலிட்டவர்கள் இந்த 30 ரூபாயைச் சத்தமில்லாமல் கொடுக்கிறோம். மேலும், மின் நிலையத்தின் புகை உயர்ந்த புகைபோக்கி வழியே மேலே சென்று ஓரளவேனும் கலைகிறது. கடை வாசலில் இருக்கும் ஜெனரேட்டரின் புகை நேராக நம் மூக்குக்கே வருகிறது.

ஒரு பொது மின் நிலையத்தை அதன் வேலைக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் நிறுத்தினால், அந்த வேலை மறைந்து போவதில்லை. ஆயிரம் துண்டுகளாகித் தெருவுக்கு வந்துவிடுகிறது. பணம் உள்ளவன் இயந்திரம் வாங்குகிறான், இல்லாதவன் விசிறிமட்டை வாங்குகிறான்.

பக்கத்தில் வாழ்பவர்கள்

இதற்கு எதிராக ஒரு நியாயம் உண்டு; அதை மறைத்துப் பேசுவது சரியன்று. நகரத்தின் நடுவில் நிற்கும் நிலையம் என்றால், வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் போன்ற நெருக்கமான குடியிருப்புகளின் நடுவில் நிற்கிறது என்று பொருள். எண்ணெயில் கந்தகம் ஒரு சதவீதம் என்று கொண்டால் யூனிட்டுக்கு 2 கிராம் கந்தகம். எரிந்து ஆக்சிஜனோடு சேர்ந்தால் 4 கிராம் கந்தக டை ஆக்சைடு. 196 மெகாவாட் நிலையத்துக்கு நாளொன்றுக்கு 18 டன்னுக்கும் மேல்! அதன் பக்கத்தில் வீடு இருப்பவரிடம் போய் "நாட்டுக்கு அவசர மின்சாரம் தேவை" என்று வாதாடிப் பாருங்கள்.

நிலக்கரி இதற்குச் சளைத்ததா? இல்லவே இல்லை. யூனிட்டுக்கு 200 கிராம் எண்ணெய் எரிந்தால் கரியமில வாயு ஏறத்தாழ 630 கிராம்; 700 கிராம் இந்திய நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. எண்ணெயில் சாம்பல் இல்லை என்றே சொல்லலாம். நிலக்கரியிலோ எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். 1,500 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஒரு நாள் ஓடினால் 8,000 டன்னுக்கு மேல் சாம்பல் விழும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததால் இறாலும் நண்டும் குறைந்துபோனதாக மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை அது போயிற்று. எண்ணெயும் அந்த நீரை விட்டு வைக்கவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கனத்த எண்ணெய் கரை ஒதுங்கியது. அதை மக்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் வீட்டுச் சுவர்களையும் கறுப்பாக்கியது.

கடல் கடந்து யாழ்ப்பாணம் வரை இதே கதைதான். சுன்னாகத்தில் எண்ணெய் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஆறு கிடையாது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறே கதி. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் நிலைய நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே இலங்கை, எண்ணெய் மின்சாரத்தைப் பெரிதும் நம்பியிருந்ததன் மற்றொரு விளைவையும் 2022-இல் அனுபவித்தது. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் போய், அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. எஞ்சின்கள் பழுதில்லாமல் நின்றன. ஊற்றுவதற்கு எண்ணெய்தான் இல்லை.

காத்திருக்கும் வேலைக்கு வேறு ஆள்

நம் நாட்டின் சில பகுதிகளில் இன்றும் டீசலுக்கு உடனடி மாற்றுக் கிடையாது. லட்சத்தீவும் அந்தமானும் தேசியக் கட்டமைப்போடு இணைக்கப்படாத தீவுகள். அங்கே கப்பலில் போகும் டீசலே பெரும்பாலான விளக்குகளை எரிக்கிறது. அதை நாம் குறை சொல்ல முடியாது. சென்னையின் நிலை அப்படியன்று.

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்சாரமும் வேகமாகத் தொடர்ந்து வருகிறது. ஆனால் மாலை ஆறு மணிக்குச் சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும். அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்கும். ஆகவே தயாராக நிற்கும் ஆளின் தேவை முன்னைவிட இனிக் கூடவே கூடும். அந்த ஆள் எண்ணெயாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனைமலைத் தொடரில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்தே 400 மெகாவாட் அளவுக்கு இந்த வேலையைச் செய்யக்கூடியதாக இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, பற்றாக்குறை வேளையில் சுழலி வழியே இறக்குகிறது. ஏற்றச் செலவான மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கு நஷ்டமாகும்; ஆனாலும் புகை இல்லை, லாரி இல்லை. நீலகிரியில் குந்தாவிலும் 500 மெகாவாட் நிலையம் கட்டும் வேலை நடந்து வருகிறது. நகரத்துக்குள் மலை இல்லையே என்றால், துணைமின் நிலைய வளாகத்திலேயே மின்கல வரிசைகளை வைக்கலாம். அவை வினாடிக்குள் பதில் கொடுக்கும். இரண்டு அல்லது நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மழைமூட்டம் நாட்கணக்கில் நீடித்தால் மட்டும் அவற்றால் முடியாது. அந்தச் சில நாட்களுக்காக, ஆண்டில் சில மணி நேரமே ஓடும் வாயுச் சுழலிகள் சிலவற்றை வைத்திருப்பதை நான் எதிர்க்கமாட்டேன்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். அவை ஓடிய மணி நேரத்துக்கு உச்சவரம்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். அப்போதுதான் அவசரக்காரன் மறுபடி அன்றாடக் கூலியாளாக மாறமாட்டான். அவை நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள காற்றிலும் கிணற்றிலும் எடுக்கும் அளவுகளை மாதந்தோறும் அந்தப் பகுதி மாநகராட்சிப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில், தமிழில், ஒட்ட வேண்டும். ஏனென்றால், மேலே நாம் போட்ட கணக்குகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குப் புரியாதது எதுவும் இல்லை. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.